தகவல் முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும்

தகவல் முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் என்பது ஒரு நிறுவனத்தில் பணிகள் எவ்வாறு நடைபெறுகின்றன, அவற்றுக்கு எத்தகைய தகவல்கள் தேவைப்படுகின்றன என்பவற்றை ஆராய்ந்து, அப்பணிகளுக்கு ஏற்ற தகவல் முறைமையைத் திட்டமிடும் துறை ஆகும். கணினியியல், மேலாண்மையியல், கணக்கியல் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் இத்துறை அமைந்துள்ளது. இப்பணியைச் செய்பவர் முறைமைப் பகுப்பாய்வாளர் எனப்படுவார். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வணிகப் பகுப்பாய்வாளர் என்ற பெயரும் வழங்குகின்றது.

கணினிப் பயன்பாட்டியல், தகவல் தொழில்நுட்பம், வணிக மேலாண்மை ஆகிய பட்டப்படிப்புகளில் இது ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. வரைபடங்களையும் குறியீடுகளையும் கற்பது இப்பாடத்தின் எளிய பகுதி. ஒரு வேலை ஏட்டில் எழுதப்பட்டுள்ளபடி அல்லாமல், உண்மையில் எப்படி நடக்கின்றது என்பதைக் கண்டறிவதே கடினமான பகுதி. இத்துறையின் பெரும் வெற்றிகளும் பெரும் தோல்விகளும் பெரிதும் இந்த இரண்டாவது பகுதியைப் பொறுத்தே அமைந்துள்ளன.

சொல்லும் பொருளும்

முறைமை என்பது ஒரு நோக்கத்துக்காக ஒன்றோடொன்று தொடர்புற்று இயங்கும் கூறுகளின் தொகுதி. சிஸ்டம் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இலங்கைப் பாடநூல்களில் முறைமை என்ற சொல் நிலைபெற்றுள்ளது. தமிழ்நாட்டில் அமைப்பு, முறைமை ஆகிய இரு சொற்களும் வழக்கில் உள்ளன.

தகவல் முறைமை என்றவுடன் கணினியை மட்டும் நினைப்பது தவறு. பேரேடு, படிவம், இரும்பு அலமாரி, அவற்றைக் கையாளும் எழுத்தர், அவர் பின்பற்றும் விதிகள், விதியில் இல்லாமல் அவர் பழக்கத்தால் செய்யும் திருத்தங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே தகவல் முறைமை. கணினி வருவதற்கு முன்பும் ஒவ்வொரு வங்கியிலும் தொடர்வண்டி நிலையத்திலும் தகவல் முறைமை இருந்தது. கணினி அதன் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றது.

பகுப்பாய்வு என்பது "என்ன தேவை" என்ற கேள்விக்கும், வடிவமைப்பு என்பது "அதை எப்படி நிறைவேற்றுவது" என்ற கேள்விக்கும் விடை காண்பது என்று பாடநூல்கள் பிரித்துக் கூறும். இப்பிரிவு கற்பதற்கு வசதியானது. நடைமுறையில் ஒரு திரையையோ படிவத்தையோ வரைந்து காட்டிய பின்னரே பயனர் தமக்கு என்ன தேவை என்பதைத் தெளிவாகச் சொல்வதால், இரண்டும் மாறிமாறி நடைபெறும்.

தேநீரகங்களில் தொடங்கிய துறை

வணிகப் பணிகளுக்கெனக் கட்டப்பட்ட முதல் கணினியை உருவாக்கியது ஒரு மின்னணு நிறுவனம் அன்று. ரொட்டியும் கேக்கும் தேநீரும் விற்ற ஜே. லயன்ஸ் அண்ட் கோ என்ற பிரித்தானிய உணவு நிறுவனமே அதனை உருவாக்கியது. 1894 இல் இலண்டன் பிக்காடிலியில் முதல் தேநீரகத்தைத் திறந்த இந்நிறுவனம், பின்னர் நாடெங்கும் கிளைகளைக் கொண்டதாக வளர்ந்தது. ஒவ்வொரு விற்பனையும் சில பென்சு மட்டுமே பெறும். ஆனால் விற்பனைகளின் எண்ணிக்கையோ மிகப் பெரிது. எனவே ஒரு விற்பனையைப் பதிவு செய்து கணக்கிட ஆகும் செலவு சற்றுக் கூடினாலும் இலாபம் கரைந்துவிடும். கணக்கெழுதும் செலவைக் குறைப்பது இந்நிறுவனத்துக்கு இன்றியமையாத தேவையாக இருந்தது.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் 1923 இல் லயன்ஸில் சேர்ந்தார். அலுவலகப் பணிமுறைகளை ஆராய்வதற்கென்றே அங்கு முறைமை ஆய்வு அலுவலகம் ஒன்று இயங்கியது. ஒரு படிவம் எங்கே பிறக்கின்றது, யார் கையில் செல்கின்றது, எதற்காகப் படிக்கப்படுகின்றது, படிக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் ஆராய்வது அதன் வேலை. முறைமைப் பகுப்பாய்வு என்று இன்று கற்பிக்கப்படுவதன் பெரும்பகுதி, கணினி வருவதற்கு முன்பே அங்கு நடைமுறையில் இருந்தது எனலாம்.

1947 இல் லயன்ஸ் மேலாளர்களான தாமஸ் ரேமண்ட் தாம்சன், ஆலிவர் ஸ்டாண்டிங்போர்ட் ஆகிய இருவரும் அலுவலக நடைமுறைகளைக் காண அமெரிக்கா சென்றனர். பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தபோது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே எட்சாக் என்ற கணினி உருவாகிவருவதை அறிந்தனர். லயன்ஸ் அத்திட்டத்துக்கு நிதியுதவி செய்தது. எட்சாக் 1949 மே மாதத்தில் இயங்கியதும், அதன் வடிவமைப்பைத் தழுவித் தனக்கென ஒரு கணினியைக் கட்ட லயன்ஸ் முடிவு செய்தது. ஜான் பிங்கர்ட்டன் பொறியியல் பணியை ஏற்றார். முறைமை ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்த டேவிட் கேமினர் பணிகளைப் பகுத்து நிரல்களாக மாற்றும் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். லியோ என்று பெயரிடப்பட்ட இக்கணினி மேற்கு இலண்டனில் உள்ள கேட்பி ஹால் வளாகத்தில் நிறுவப்பட்டது. 1951 நவம்பர் இறுதியில் அடுமனை உற்பத்தி மதிப்பீட்டுக் கணக்கை அது முழுமையாக ஏற்றுக்கொண்டது. பின்னர் ஊதியப் பட்டியல் போன்ற பணிகளும் சேர்ந்தன.

கேட்புப் பட்டியல் பணி

1954 இல் தொடங்கப்பட்ட தேநீரகக் கேட்புப் பணி, கற்போருக்கு மிகவும் பயனுள்ள எடுத்துக்காட்டு ஆகும். ஒவ்வொரு தேநீரகப் பொறுப்பாளரும் மறுநாளுக்குத் தேவையான பண்டங்களைத் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். அடுமனைகள் அன்றிரவே அவற்றைத் தயாரித்து அனுப்பவேண்டும். ரொட்டியும் கேக்கும் அடுத்த நாளுக்கு நில்லா என்பதால் கூடுதலாகச் செய்தாலும் இழப்பு, குறைவாகச் செய்தாலும் இழப்பு.

பணியை அப்படியே கணினிக்கு மாற்றுவது என்றால், ஒவ்வொரு கிளையும் நாள்தோறும் அனுப்பும் முழுப் பட்டியலையும் துளை அட்டைகளில் பதியவேண்டும். கணினி எவ்வளவு விரைவாகக் கூட்டினாலும், அட்டைகளில் பதிவதற்குள் இரவு கடந்துவிடும். லயன்ஸ் பகுப்பாய்வாளர்கள் பட்டியல்களை நோக்கியபோது ஓர் எளிய உண்மை தெரிந்தது. ஒரு கிளையின் திங்கட்கிழமைத் தேவை பெரும்பாலும் முந்தைய திங்கட்கிழமைத் தேவையை ஒத்ததாகவே இருந்தது. எனவே கிழமைதோறும் ஒரு நிலையான கேட்புப் பட்டியலை முன்பே கணினிக்கு அளித்துவிட்டு, அன்றன்றைய மாற்றங்களை மட்டும் பிற்பகலில் தொலைபேசி வழியே பெற்றுத் துளை அட்டையில் பதிந்தனர். அவற்றைக் கொண்டு லியோ இரவு உற்பத்தித் தேவை, பொதி கட்டும் குறிப்புகள், விநியோக அட்டவணை, விலைப்பட்டியல், அடக்கவிலைக் கணக்கு, மேலாளர்களுக்கான அறிக்கை ஆகியவற்றை ஒரே தொடர்ச்சியாக உருவாக்கியது.

இங்கு நிகழ்ந்த முன்னேற்றத்தின் ஊற்று கணினியின் வேகத்தில் மட்டும் இல்லை. மாறாததை மீண்டும் மீண்டும் எழுதவேண்டியதில்லை என்று கண்டதில்தான் அது இருந்தது. அப்படிக் காண்பதற்குத் தேநீரகம் எப்படி இயங்குகின்றது என்று தெரிந்திருக்கவேண்டும். நிரலாக்கம் மட்டும் தெரிந்த ஒருவர், முழுப் பட்டியலையும் விரைவாக உள்ளிடும் கருவியைத் தேடியிருப்பார்.

கற்கும் நுட்பங்கள்

இன்று பாடத்தில் இடம்பெறும் வரைபட நுட்பங்கள் பலவும் 1970களில் உருவானவை. லயன்ஸ் பகுப்பாய்வாளர்கள் அவற்றை அறிந்திருக்கவில்லை. எனினும் அந்நுட்பங்களை மேற்கண்ட தேநீரகப் பணியைக் கொண்டே விளக்கலாம்.

முதல் படி தகவல் திரட்டுதல். நேர்காணல், வினாப்பட்டியல், ஆவணங்களைப் பார்வையிடல், பணியிடத்தில் நேரில் கவனித்தல் என இதற்கு நான்கு வழிகள் கூறப்படும். இவற்றுள் நேர்காணலுக்கே பாடநூல்கள் அதிக இடம் தருகின்றன. ஆனால் நேர்காணலில் மக்கள் தம் வேலையின் பொதுவான போக்கை மட்டுமே கூறுவர். நாள்தோறும் கைவந்த பழக்கமாகச் செய்வதைச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது. பணியிடத்தில் இரண்டு மணிநேரம் அமர்ந்திருந்தால் வேறு பல தெரியவரும்: படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் இடப்படும் குறி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் உள்ள தனிப்பட்டியல், "இதை அவரிடம் கேட்டால் தெரியும்" என்று சுட்டப்படும் மூத்த ஊழியர். இவை ஒவ்வொன்றும் பழைய முறைமையின் ஒரு குறையை மனிதர் ஈடுசெய்யும் இடம். புதிய முறைமையில் இவற்றுக்கு இடமில்லை எனில், அக்குறை வெளிப்பட்டுவிடும்.

தரவுப் பாய்வு வரைபடம் என்பது தரவு எங்கிருந்து வருகின்றது, எந்தச் செயல்முறையால் மாற்றப்படுகின்றது, எங்கே சேமிக்கப்படுகின்றது, எங்கே செல்கின்றது என்பவற்றை மட்டும் காட்டுவது. டாம் டிமார்க்கோ 1978 இலும், கிறிஸ் கேன், திரிஷ் சார்சன் ஆகியோர் 1979 இலும் வெளியிட்ட நூல்கள் இதனைப் பரப்பின. முதலில் முறைமை முழுவதையும் ஒரே வட்டமாக வரைந்து, அதற்கு வெளியே உள்ளவர்களைச் சுற்றிலும் குறிப்பது சூழமைவு வரைபடம் எனப்படும். தேநீரகப் பணியில் தேநீரகம், அடுமனை, விநியோகப் பிரிவு, மேலாண்மை ஆகிய நான்கும் வெளியே நிற்கும். தேநீரகத்திலிருந்து திருத்தம் உள்ளே வரும். அடுமனைக்கு உற்பத்தித் தேவையும், விநியோகப் பிரிவுக்குப் பொதிக் குறிப்பும், தேநீரகத்துக்கு விலைப்பட்டியலும், மேலாண்மைக்கு அறிக்கையும் வெளியே செல்லும்.

அடுத்த மட்டத்தில் அந்த ஒரே வட்டம் உடைக்கப்பட்டு, திருத்தம் பெறுதல், மொத்தத் தேவையைக் கணக்கிடல், பொதிக் குறிப்பு ஆக்கல், விலைப்பட்டியல் ஆக்கல் என்று தனித்தனிச் செயல்முறைகளாகும். நிலையான கேட்பு, பண்டங்களின் விலை ஆகியவை சேமிப்பிடங்களாக இடம்பெறும். மாணவர் செய்யும் பிழைகள் இங்கு எளிதில் தெரியும். தரவு உள்ளே சென்று எதுவும் வெளிவராத செயல்முறை கருந்துளை எனப்படும். எதுவும் உள்ளே செல்லாமல் தரவு வெளிவருவது அதிசயம் எனப்படும். ஒரு சேமிப்பிடத்திலிருந்து மற்றொரு சேமிப்பிடத்துக்குச் செயல்முறை எதுவும் இன்றித் தரவு தானே செல்லாது. தேர்வில் மதிப்பெண் பெற இவ்விதிகள் போதும். ஆனால் இப்படத்தின் உண்மையான பயன் வேறு. கணினி அறியாத அடுமனைப் பொறுப்பாளரும் இதனைப் பார்த்து, "எங்களுக்கு இந்தக் கணக்கு நள்ளிரவில் வந்தால் பயன் இல்லை, மாலையே மாவு பிசையவேண்டும்" என்று சொல்லமுடியும். அவ்வாறு ஒருவர் மறுத்துப் பேசும்வரை வரைபடம் நிறைவுறவில்லை என்று கொள்வது நல்லது.

தரவு மாதிரியாக்கம் என்பது முறைமை எவற்றைப் பற்றிய தகவலை வைத்திருக்கவேண்டும் என்பதை வரையறுப்பது. எட்கர் காட் 1970 இல் வெளியிட்ட தொடர்புசார் மாதிரியும், பீட்டர் சென் 1976 இல் வெளியிட்ட உருபொருள்-உறவு மாதிரியும் இதற்கு அடிப்படை. தேநீரகம், பண்டம் ஆகியவை உருபொருள்கள். ஒரு தேநீரகம் பல பண்டங்களைக் கேட்கும். ஒரு பண்டத்தைப் பல தேநீரகங்கள் கேட்கும். இத்தகைய பலவற்றுக்குப் பல என்ற உறவை நேரடியாக அட்டவணையாக்க முடியாது. இடையே "கேட்பு வரி" என்ற மூன்றாவது உருபொருள் தேவைப்படும். இதில் தேநீரக எண், பண்ட எண், நாள், அளவு ஆகியவை இருக்கும்.

தேநீரகத்தின் முகவரியையும் ஒவ்வொரு கேட்பு வரியிலேயே எழுதினால், கடை இடம் மாறும்போது ஆயிரம் வரிகளைத் திருத்தவேண்டும். ஒரு வரி விடுபட்டாலும் ஒரே கடைக்கு இரண்டு முகவரிகள் நிலவும். ஒவ்வொரு உண்மையும் ஓரிடத்தில் மட்டும் இருக்குமாறு அட்டவணைகளைப் பிரிப்பதே இயல்பாக்கம். இங்கு ஒரு பொறி உண்டு. இயல்பாக்கத்தைப் புதிதாகக் கற்ற மாணவர், விலையும் பண்டத்தின் பண்புக்கூறு என்று கருதி, அதனைக் கேட்பு வரியிலிருந்து நீக்கிப் பண்ட அட்டவணையில் மட்டும் வைப்பார். அடுத்த மாதம் கேக்கின் விலை உயர்ந்தால், சென்ற மாதத்து விலைப்பட்டியல்களின் தொகையும் தானே உயர்ந்துவிடும். பண்டத்தின் இன்றைய விலையும், அன்று விற்ற விலையும் இரு வேறு உண்மைகள் ஆகும். இதனை எந்த இயல்பாக்க விதியும் தானாகச் சொல்லாது. கணக்கரிடம் கேட்டால் உடனே சொல்வார்.

வடிவமைப்பு என்னும்போது திரை, அறிக்கை, அட்டவணை, குறியீட்டு எண்கள், கட்டுப்பாடுகள் ஆகிய அனைத்தும் அடங்கும். இவற்றுள் கட்டுப்பாடுகளும் விதிவிலக்குகளும் கற்போரால் அதிகம் கவனிக்கப்படாதவை. தேநீரகப் பணியையே கொண்டால், ஒரு கிளையிலிருந்து ஒரு நாள் எந்தத் திருத்தமும் வரவில்லை எனக் கொள்வோம். மாற்றம் எதுவும் இல்லை என்பது அதன் பொருளா, அல்லது தொலைபேசி பழுதா? இரண்டுக்கும் முறைமை செய்யவேண்டியது வேறு. வழக்கமாக 60 பன் கேட்கும் கடை 600 என்று கேட்டால் ஏற்பதா, திரும்பக் கேட்பதா? பெறப்பட்ட திருத்தங்களின் மொத்தமும் கணினி கூட்டிய மொத்தமும் ஒத்துள்ளனவா என்று யார், எப்போது பார்ப்பார்? இவ்வகைக் கேள்விகளுக்கான விடைகளே ஒரு நல்ல வடிவமைப்பின் பெரும்பகுதியை நிரப்பும்.

சாத்தியக்கூறு ஆய்வு என்ற தலைப்பின்கீழ் தொழில்நுட்பம், பொருளாதாரம், செயற்பாடு என்ற மூன்றும் ஆராயப்படும். முதலிரண்டையும் எண்களால் அளக்கலாம். மூன்றாவது, ஊழியர்கள் இதை ஏற்றுப் பயன்படுத்துவார்களா என்பது. அளக்க இயலாததால் பெரும்பாலான அறிக்கைகளில் இதற்கு ஒரு பத்தியே ஒதுக்கப்படுகின்றது.

முறையியல்கள்

இந்நுட்பங்களை எந்த வரிசையில் செய்வது என்பதை வகுப்பவை முறையியல்கள். தேவை, பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, பராமரிப்பு என்று படிப்படியாக இறங்கும் அருவி மாதிரி 1970 இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையோடு இணைத்துப் பேசப்படுகின்றது. ராய்ஸ் அக்கட்டுரையில் அருவி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. படிகளைக் காட்டிய பின்னர், அவற்றை அப்படியே ஒருமுறை மட்டும் பின்பற்றுவது ஆபத்தானது என்றும், முதலில் ஒரு முன்னோடி வடிவத்தைச் செய்து பார்க்கவேண்டும் என்றும் அவர் எழுதினார். பாடநூல்கள் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டன.

பிரித்தானிய அரசு தன் திட்டங்களுக்காக 1981 இல் கட்டமைப்புசார் முறைமைப் பகுப்பாய்வு வடிவமைப்பு முறையியலை ஏற்றது. எந்தக் கட்டத்தில் எந்த ஆவணம் வேண்டும் என்பதை இது விரிவாக வரையறுத்தது. இலங்கையில் உயர்தர வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் இம்முறையியல் இடம்பெற்றுள்ளதால், தமிழ் வழியில் பயிலும் மாணவர் பலருக்கு இத்துறையின் முதல் அறிமுகம் இதுவே. 1981 இலேயே பீட்டர் செக்லாண்ட், சிக்கல் எது என்பதிலேயே மக்கள் உடன்படாத நிலைமைகளுக்காக மென்முறைமை முறையியலை நூலாக வெளியிட்டார். 1997 இல் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி தரப்படுத்தப்பட்டது. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருளாளர்கள் தகவெளிமை மென்பொருள் உருவாக்க அறிக்கையை வெளியிட்டனர். நீண்ட ஆவணங்களுக்கு மாற்றாகக் குறுகிய கால இடைவெளிகளில் இயங்கும் மென்பொருளைப் பயனரிடம் காட்டித் திருத்தும் போக்கு அதன்பின் பரவலானது. ஆவணம் குறைந்தது; பணியை அறியவேண்டிய தேவை குறையவில்லை.

இலண்டன் ஆம்புலன்ஸ் சேவை, 1992

முறைமைப் பகுப்பாய்வுப் பாடங்களில் மிகுதியாக எடுத்தாளப்படும் தோல்வி இதுவாகும். இலண்டன் ஆம்புலன்ஸ் சேவைக்கு அக்காலத்தில் நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 வரை அழைப்புகள் வந்தன. அழைப்பைப் பெறுபவர் விவரங்களைத் தாளில் எழுதி, நிலப்படத்தில் இடத்தைக் கண்டு, நகரும் பட்டையில் இடுவார். தாள்கள் சேரும் இடத்தில் இருப்பவர் ஒரே விபத்துக்கு வந்த பல அழைப்புகளை அடையாளம் கண்டு ஒன்றாக்குவார். பகுதிவாரியாக ஊர்திகளை ஒதுக்குபவர், எந்த ஊர்தி எங்கே இருக்கக்கூடும் என்பதைத் தம் நினைவிலிருந்தே அறிவார். இம்முறை மெதுவானது என்பது உண்மை. ஆனால் அதற்குள் பெருமளவு அனுபவ அறிவு மறைந்திருந்தது.

1992 அக்டோபர் 26 அன்று இவ்வேலை முழுவதும் கணினிக்கு மாற்றப்பட்டது. புதிய முறைமை, ஒவ்வொரு ஊர்தியின் இடமும் நிலையும் எப்போதும் சரியாகத் தெரியும் என்ற எடுகோளின்மேல் கட்டப்பட்டிருந்தது. நடைமுறையில் வானொலித் தொடர்பு சில இடங்களில் கிடைக்கவில்லை. ஊர்திப் பணியாளர் பொத்தான்களை எப்போதும் உரிய வரிசையில் அழுத்தவில்லை. தவறான தகவலால் தவறான ஊர்தி அனுப்பப்பட்டது. சில இடங்களுக்கு இரண்டு ஊர்திகள் சென்றன. முறைமையால் தீர்க்க இயலாதவை விதிவிலக்குச் செய்திகளாகத் திரையில் குவிந்தன. புதியவை வரவரப் பழையவை திரைக்கு மேலே மறைந்தன. ஊர்தி வராததால் மக்கள் மீண்டும் அழைத்தனர். அழைப்புகள் மேலும் பெருகின. மறுநாள் பாதியளவு கைமுறைக்குத் திரும்பினர். நவம்பர் 4 அதிகாலையில் கணினியே நின்றுபோனது. நிரலில் விடுபட்டுப்போன ஒரு சிறு துண்டு, பயன்படுத்திய நினைவகத்தை விடுவிக்காமல் சிறிது சிறிதாக நிரப்பிவந்ததே அதற்குக் காரணம். பணி முழுவதும் மீண்டும் தாளுக்குத் திரும்பியது.

1993 பெப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, மென்பொருள் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை என்பதோடு, பணியாளர்களுக்கு அதில் நம்பிக்கையும் உரிய பயிற்சியும் இருக்கவில்லை என்றும் சுட்டியது. நினைவகப் பிழை ஒரு நிரலாக்கப் பிழை. ஒரு நாளில் திருத்தலாம். முழுமையான தகவல் கிடைக்கும் என்ற எடுகோளோ பகுப்பாய்வுப் பிழை. ஓர் ஊர்திப் பணியாளரோடு ஒரு நாள் பயணம் செய்திருந்தால் அது தெரிந்திருக்கும். 1996 இல் அமைக்கப்பட்ட அடுத்த முறைமை, பணியாளர் பங்கேற்போடு எளிய அழைப்புப் பதிவிலிருந்து படிப்படியாகத் தொடங்கப்பட்டு நிலைபெற்றது.

ஹொரைசன் வழக்குகள்

லியோ கணினிகளைத் தயாரித்த நிறுவனம் பல இணைப்புகளின் பின் 1968 இல் உருவான ஐசிஎல் நிறுவனத்தின் பகுதியானது. ஐசிஎல் பின்னர் சப்பானின் ஃபுஜிட்சுவின் உடைமையானது. பிரித்தானிய அஞ்சலகக் கிளைகளின் கணக்குக்காக 1999 முதல் நிறுவப்பட்ட ஹொரைசன் முறைமை இந்நிறுவனத்தின் ஆக்கமே. தேநீரகப் பொறுப்பாளரின் வேலையை எளிதாக்கிய மரபிலிருந்து, கிளைப் பொறுப்பாளர்களைச் சிறைக்கு அனுப்பிய ஒரு முறைமையும் வந்தது.

ஹொரைசன் காட்டிய கணக்கில் பணம் குறைந்தால், ஒப்பந்தப்படி துணை அஞ்சல் அலுவலர் தம் கையிலிருந்து ஈடுசெய்யவேண்டும். பலர் சேமிப்பையும் வீட்டையும் இழந்தனர். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். கணக்கில் ஐயம் உள்ள தொகையைக் கிளையில் தனியே நிறுத்தி வைக்கும் வசதி 2005 இல் நீக்கப்பட்டிருந்தது. ஆகவே திரையில் தோன்றும் எண்ணை ஏற்காமல் அடுத்த கணக்குக் காலத்துக்குச் செல்ல வழி இல்லை. கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்தே மாற்ற இயலும் என்பது பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. கணினி சரியாகவே இயங்குகின்றது என்று கொள்ளும் சட்ட எடுகோளும் இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தோருக்குத் துணையாக இருந்தது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம், முறைமையில் பிழைகள் இருந்தன என்றும் அவை கிளைக் கணக்குகளில் குறைவை ஏற்படுத்தியிருக்கக்கூடும் என்றும் தீர்ப்பளித்தது. 2024 இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் தண்டனைகளைப் பெருந்தொகையாக நீக்கியது.

வடிவமைப்புப் பாடத்தில் தணிக்கைத் தடம் என்ற தலைப்பு ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும். யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்பதையும், மாற்றத்துக்கு முந்தைய மதிப்பையும் அழியாமல் வைப்பதே தணிக்கைத் தடம். அதைப் பயனரும் பார்க்கமுடியுமா, "இந்த எண் தவறு" என்று சொல்ல அவருக்குத் திரையில் ஓர் இடம் உண்டா என்ற கேள்விகளின் எடையை ஹொரைசன் வழக்குகள் காட்டுகின்றன.

கற்பித்தல்

தகவல் முறைமைகளுக்கான முதல் விரிவான பாடத்திட்டப் பரிந்துரைகளை அமெரிக்காவின் கணிப்பொறியியல் சங்கம் 1972 இல் முதுநிலைக்கும், 1973 இல் இளநிலைக்கும் வெளியிட்டது. அவை பின்னர் பலமுறை திருத்தப்பட்டன. 2003 இல் கனடாவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு வணிகப் பகுப்பாய்வு நிறுவனம் தொழில்முறைச் சான்றிதழ்களை வழங்குகின்றது.

வகுப்பறைப் பயிற்சிகளில் நூலகம், விடுதி, மாணவர் சேர்க்கை ஆகியவையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. ஒரு பக்கத்தில் சிக்கல் முழுவதும் எழுதித் தரப்படும். மாணவர் அதிலிருந்து பெயர்ச்சொற்களை உருபொருள்களாகவும் வினைச்சொற்களைச் செயல்முறைகளாகவும் மாற்றுவார். இது வரைபடப் பயிற்சியாக நல்லது. ஆனால் அந்த ஒரு பக்கத்தை எழுதுவதே பகுப்பாய்வாளரின் வேலை என்பதால், பாடத்தின் மையமான திறன் இங்கு பயிலப்படாமலே போகின்றது.

சில கல்லூரிகள் மாணவரை ஒரு சிறு கடைக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, மருத்துவமனைப் பதிவுப் பிரிவுக்கோ அனுப்புகின்றன. அங்கு முதல் நாளில் வரைந்த படத்தை, வேலை செய்பவரிடமே திரும்பக் காட்டித் திருத்தங்களைப் பெறுவது மிகச் சிறந்த பயிற்சி. "வழக்கமாக என்ன செய்வீர்கள்" என்ற கேள்வியோடு, "கடைசியாக எப்போது தவறு நேர்ந்தது, அப்போது என்ன செய்தீர்கள்" என்றும் கேட்கவேண்டும். திரும்பி வந்த பொருள், பாதி செலுத்திய தொகை, இறந்துபோனவர் பெயரில் உள்ள கணக்கு, மின்சாரம் இல்லாத பிற்பகல் ஆகியவை இந்த இரண்டாவது கேள்விக்கு விடையாக வரும். இவை எவையும் நிறுவனத்தின் நடைமுறைக் கையேட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை.